உங்களுக்குத் தெரியுமா? விழுப்புரம் சீமையின் கைப்பக்குவம்

திண்டிவனம் என்ற பெயரிலேயே புளிப்பு இருக்கிறது, தெரியுமா? வடமொழியில் திந்திரிணி என்றால் புளியமரம். புளியமரங்கள் அடர்ந்த காடாக இருந்ததால் திந்திரிணிவனம். அது நம் வாயில் தேய்ந்து திண்டிவனம் ஆனது. ஊருக்குள் குடியிருக்கும் சிவபெருமானுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே பெயர். கடல் கடந்து வந்த அரபு வணிகர்கள் புளியைப் பார்த்து 'தமர் ஹிந்த்', அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். ஆங்கிலத்தின் டாமரிண்ட் அதிலிருந்து வந்தது. இத்தனைக்கும் புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. எப்போதோ இங்கே வந்து வேர்விட்டு, ஓர் ஊருக்கே பெயர் கொடுத்துவிட்டது.

பாணன் சொன்ன சாப்பாட்டு வழி

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை நம் ஊர்ப்பாட்டு. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன். அவன் இருந்து ஆண்ட கிடங்கில் என்ற ஊர் இன்றைக்குத் திண்டிவனம் நகருக்குள் ஒரு பகுதி. 269 அடிகள் கொண்ட இந்தப் பாட்டில் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், எதிரே வரும் இன்னொரு ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் எந்த வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதும் அந்த வழியில் சேர்த்தி.

முதலில் கடலோர எயிற்பட்டினம். இன்றைய மரக்காணம் பகுதிதான் அது என்பார்கள் ஆய்வாளர்கள். அங்கே நுளையர் என்ற மீனவர் வீட்டில் தேறல் என்ற கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அடுத்து முல்லை நிலத்து வேலூர். அங்கே எயினர் என்ற வேட்டுவர் வீட்டுப் பெண்கள் புளி சேர்த்துச் சமைத்த சூடான சோற்றை, சுட்ட ஆமான் இறைச்சியோடு தருவார்கள். புளியங்காட்டுச் சீமையில் புளிச்சோறு! அதற்கடுத்து மருத நிலத்து ஆமூர். அங்கே உழவர் வீட்டில் உலக்கையால் குற்றிய வெண்ணெல் சோறும் நண்டுக் கலவையும். கடற்கரை, காடு, வயல் என மூன்று நிலம், மூன்று அடுப்பு. அந்த வீட்டுப் பெண்கள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் சமைத்தது என்ன என்பது மட்டும் தெரிகிறது. சாப்பிட்டுப் போன ஒருவன் அதை மறக்காமல் அடுத்தவனுக்குச் சொன்னதால் தெரிகிறது.

இதே பாட்டில் இன்னொரு சமையலும் உண்டு. வறுமைப்பட்ட பாணனின் வீடு. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள் அந்த வீட்டுக்காரி. புறம் பேசுகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தார் எல்லோரோடும் சேர்ந்து உண்கிறார்கள். கதவைச் சாத்தியபோதும் உறவுக்காரர்களை வெளியே விடவில்லை, கவனித்தீர்களா? எனக்கு அந்தப் பாட்டிலேயே மனதைப் பிசையும் இடம் இதுதான்.

பீமன் எழுதிய சமையல் புத்தகம்

நல்லியக்கோடன் தன் அரண்மனையில் பாணனுக்கு விருந்து வைக்கும்போது, அந்த உணவெல்லாம் ஒரு நூலில் சொன்ன முறை வழுவாமல் சமைக்கப்பட்டவை என்கிறார் புலவர். காண்டவ வனத்தை எரித்த அர்ச்சுனனின் அண்ணன், அதாவது பீமன் செய்த நூல். பழைய உரையாசிரியர்கள் இதை மடைநூல் என்பார்கள். மடை என்றால் சோறு, சமையல். ஆக, திண்டிவனத்து அடுப்பங்கரையில் சமையல் நூலை வைத்துச் சமைக்கும் வழக்கம் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே பாட்டில் ஏறிவிட்டது. அந்த மடைநூல் இன்று இல்லை. நூலைக் குறிப்பிட்ட பாட்டு மட்டும் ஓலையில் தப்பிப் பிழைத்து, 1889-ல் உ.வே.சாமிநாதையர் கையால் அச்சேறியது.

ராஜா எழுதிவைத்த அஞ்சறைப்பெட்டி

திருநெல்வேலிச் சீமை அம்பாசமுத்திரத்தில் வரகுண மகாராசன் என்ற பாண்டிய மன்னனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் பழையது. கோயிலுக்கு 290 காசு கொடுத்து, அதன் வட்டியில் வரும் நெல்லைக் கொண்டு சாமிக்குத் தினமும் என்னென்ன படைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறான். காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி. நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை. கறிக்குச் சேர்க்கும் காயம் என்று மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லியைச் சொல்கிறது கல்வெட்டு. இப்போது உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இதில் நமக்கு என்ன பங்கு என்கிறீர்களா? அந்த ஆணையைப் பிறப்பித்தபோது ராஜா மதுரையில் இல்லை. பெண்ணையாற்றங்கரை அரைசூரில் தங்கியிருந்தான். அரசூர் என்ற பெயரில் விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் வழியில் இன்றும் ஓர் ஊர் இருக்கிறது.

பட்டியலில் மிளகாய் இல்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுக்கீசியர் கப்பலேறி 16-ஆம் நூற்றாண்டில்தான் நம் பக்கம் வந்தது. அதுவரை நம் உறைப்பு முழுக்க மிளகுதான்.

ஒரு பலம் என்றால் எவ்வளவு?

ஆயாவின் கணக்கில் எழுதிய பழைய குறிப்பு கிடைத்தால் பேத்திக்குப் பாதி புரியாது. சமையல் தெரியாததால் அல்ல, அளவு தெரியாததால். 1956-ல் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் எழுதியதெல்லாம் பலம், வீசை, ஆழாக்கு, படி. கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1,400 கிராம். முகத்தலளவையில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 8 ஆழாக்கு ஒரு படி. படி மட்டும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அதனால் வீட்டில் பழைய படியும் ஆழாக்கும் இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்கள் குடும்பக் குறிப்புக்கு அதுதான் திறவுகோல்.

தண்ணீர்க் கிண்ணத்தில் விழும் ஒரு சொட்டு

நம் பக்கம் தீபாவளி என்றால் நோன்பு, நோன்பு என்றால் அதிரசம். கேதாரகௌரி நோன்புக்கு 21 அதிரசம் வைத்துப் படைக்கும் வீடுகள் இன்றும் நிறைய. அதிரசம் எல்லோருக்கும் வருவதில்லை. எண்ணெயில் போட்டதும் பிரிந்து பூவாய் உதிர்ந்துபோகும், இல்லையென்றால் கல்லாகிவிடும். காரணம் இரண்டே இரண்டு: மாவின் ஈரம், பாகின் பதம்.

பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணி விரித்து ஆற்ற வேண்டும். கையில் அள்ளி மூடித் திறந்தால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக்கூடாது. அந்த நிலையில் இடித்துச் சலிக்க வேண்டும். காய்ந்த மாவு ஆகாது. பிறகு வெல்லப்பாகு. எங்கள் ஆயா பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொள்வார். பாகு நுரை கட்டிப் பொங்கும்போது கரண்டி முனையிலிருந்து ஒரு சொட்டு அந்தத் தண்ணீரில் விடுவார். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டினால் உருண்டு வந்து, எடுத்துப் பிடித்தால் மெத்தென்று அமுங்க வேண்டும். அந்த நொடியில் அடுப்பை இழுத்துவிட்டு, ஏலக்காயும் சுக்கும் தட்டிப்போட்டு, மாவைத் தூவிக் கிளற வேண்டும். டக்கென்று உடைந்தால் பதம் தாண்டிவிட்டது. மாவைச் சட்டியில் வைத்துத் துணியால் வேடு கட்டி ஓரிரு நாள் விட்டு, பிறகு இலையில் தட்டிச் சுட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிந்து எடுக்க வேண்டும்.

இதில் எங்கே கிராம், எங்கே நிமிடம்? எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அளவை மட்டும் எழுதினால் போதாது. 'உருண்டு வரணும், மெத்துனு இருக்கணும்' என்று அவர் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். என் தங்கை அப்படித்தான் எழுதிவைத்தாள். ஆயா போன பிறகு வந்த தீபாவளிக்கு அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் பாகு இறக்கினோம்.

மூன்று அண்டா

ஆடி பிறந்தால் மாரியம்மன், அங்காளம்மன் கோயில் வாசல்களில் கூழ் வார்ப்பார்கள். ஊர்க் கூழ் என்றால் ஒரு வீட்டுக் கேழ்வரகில் அது ஆகாது. வீடு வீடாகப் போய்க் கேவுரு வாங்கி வருவார்கள். ஒரு வீட்டில் படி, ஒரு வீட்டில் ஆழாக்கு, ஒரு வீட்டில் கைப்பிடி. எல்லாம் ஒரே அண்டாவில் விழும். முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, அரிசி நொய்யை மலர வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவார்கள். இரவெல்லாம் ஆறி, காலையில் உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்தால் கூழ். கடிச்சிக்க முருங்கைக்கீரை, மோர் மிளகாய், மாங்காய். அம்மனுக்குப் படைத்தபின் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. வெங்காயத்தை அரிவாள்மனையில் நறுக்குவதா, கல்லில் நசுக்குவதா என்பதில் ஒரே தெருவில் இரண்டு கட்சி இருக்கும். என் வாக்கு நசுக்குவதற்கே.

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால். சாயங்காலம் தூக்குவாளியோடு நிற்பவர்களில் எந்த மதத்துப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. இந்தக் கஞ்சிக்குத் தமிழ்நாடு அரசே பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது.

மூன்றாவது அண்டா கொஞ்சம் தெற்கே, வடலூரில். 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய சத்திய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், பதவியை விட்ட பிறகு போய்ச் சேர்ந்த இடம் அந்த வடலூர்தான். பசித்தவருக்குச் சோறு போட்ட வள்ளலார் ஒரு மூலிகைப் பக்குவமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம். அதை யாரும் ரகசியமாக வைக்கவில்லை. இன்றைக்கும் நம் பக்கத்து வீடுகளில் பொடியாக இடித்துவைத்துக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள்.

மல்லாட்டை எந்த ஊர்க்காரர்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிலக்கடலை என்றால் சிரிப்பார்கள். மல்லாட்டை என்றால்தான் தெரியும். மணிலாக்கொட்டை மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆகியிருக்கிறது. மணிலா, பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகம். பயிரின் பிறந்த வீடோ தென் அமெரிக்கா. 19-ஆம் நூற்றாண்டில் நம் செம்மண் காடுகளில் பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே அமைந்தது. அங்கிருந்து 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2 ரகத்தை ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாக விதைத்தார்கள். டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம்தான்.

பிடுங்கிய கையோடு மண்ணைக் கழுவி, உப்புப் போட்டுப் பானையில் வேகவைத்த பச்சை மல்லாட்டை. வறுத்துத் தோல் புடைத்து, காய்ந்த மிளகாயும் புளியும் வைத்து அம்மியில் அரைத்த துவையல். புளி ஆப்பிரிக்கா, மிளகாயும் மல்லாட்டையும் அமெரிக்கா. ஆனாலும் அந்தத் துவையல் நம்முடையது. யார் வீட்டிலிருந்தோ வந்ததை வாங்கி, நம் கையால் அரைத்து, அடுத்த வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியதால் நம்முடையது ஆனது. பாரம்பரியம் என்ற சொல்லை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்.

கல்யாணச் சீரில் ஒரு புத்தகம்

எஸ். மீனாட்சி அம்மாள் என்பவருக்குக் கைப்பக்குவம் அபாரம். உறவுக்காரப் பெண்கள் 'சாம்பார்ப் பொடி எப்படி, ஊறுகாய் எப்படி' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 'இதையெல்லாம் புத்தகமாக எழுதிவிடேன்' என்று தூண்டியவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951-ல் வந்தது 'சமைத்துப் பார்'. புதுக்குடித்தனம் போகும் பெண்ணின் பெட்டியில் அந்தப் புத்தகம் இருந்தால் தாய்க்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போன பிள்ளைகளும் எடுத்துப்போனார்கள். உறவுக்குள் சொன்ன பதில்கள் ஒரு புத்தகமாகி, முக்கால் நூற்றாண்டாகச் சமையலறை மேடையில் இருக்கிறது.

தஞ்சாவூர் மராத்திய அரண்மனைச் சமையலுக்கும் ஒரு நூல் உண்டு: சரபேந்திர பாகசாஸ்திரம். இரண்டாம் சரபோஜி பெயரால் வழங்குவது. சரஸ்வதி மகால் நூலகம் அச்சிட்டிருக்கிறது.

எழுதப்படாத அடுப்புகள்

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். அரண்மனைச் சமையல் எழுதப்பட்டது. அக்ரகாரத்துச் சமையல் எழுதப்பட்டது. மரக்காணத்து மீனவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை யார் எழுதினார்கள்? அங்கே உப்பளமும் கடலும் பக்கம் பக்கம். எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை வெயில், எந்தக் கருவாட்டுக்குக் கத்தரிக்காய், எதற்கு மொச்சை, எதற்கு மாங்காய் என்று அந்தப் பெண்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். ஒரு வரி காகிதத்தில் இல்லை.

இருளர் வீடுகளில் மழைக்காலத்து ஈசல் பிடிப்பு ஒரு கலை. புற்றின் வாயிலிருந்து ஈசல் எப்போது கிளம்பும் என்பது அவர்களுக்கு வானத்தைப் பார்த்தாலே தெரியும். விளக்கு வைத்துப் பிடித்து, உலர்த்தி, இறக்கை போகப் புடைத்து, அரிசியோடு சேர்த்து வறுத்து வைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களோ என்று பிள்ளைகள் அதை வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். கூச்சப்பட வேண்டியது கேலி செய்கிறவர்கள்தான். ஒரு வீட்டுச் சமையலை மட்டம் என்று சொல்லிவிட்டால் அது ஒரே தலைமுறையில் அழிந்துபோகும். பாணன் வீட்டுக் கதவு இன்னும் சாத்தித்தான் கிடக்கிறது.

சொற்களுக்கு இந்த வேலையை ஒருவர் தனியாளாகச் செய்திருக்கிறார். எழுத்தாளர் கண்மணி குணசேகரன், நம் பகுதிப் பேச்சு வழக்கை ஊர் ஊராகச் சேகரித்து 'நடுநாட்டுச் சொல்லகராதி' கொண்டுவந்தார். அதுபோல நடுநாட்டுச் சமையலுக்கும் ஒரு தொகுப்பு வேண்டும். களி, கூழ், மல்லாட்டைத் துவையல், பனங்கிழங்கு, புளிச்சக்கீரைக் கடைசல், செஞ்சிப் பக்கத்து முட்டை மிட்டாய் வரை எல்லாம் அதில் வர வேண்டும்.

கொரியாவின் ஊறுகாய்க்கு உலக மரியாதை

தென்கொரியாவில் குளிர்காலத்துக்கு முன் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, முட்டைக்கோஸை உப்பிலும் மிளகாய்ப் பொடியிலும் ஊறவைத்து கிம்ச்சி போடுவார்கள். போட்டதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மாமியார் வீட்டுப் பக்குவம் மருமகள் கைக்கு மாறுவதும் அன்றைக்குத்தான். இந்தக் கூட்டுவேலைக்குப் பெயர் கிம்ஜாங். 2013-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறியது ஊறுகாய் என்ற பண்டம் அல்ல. கூடிச் செய்து பகிர்ந்துகொள்ளும் வழக்கம்.

சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடியில் நடந்ததும் இதுதானே? விடியற்காலை நாலு மணிக்குக் கூழ் காய்ச்சி, பழைய வேட்டியை விரித்து, தெருப்பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து வடகம் ஊற்றுவார்கள். காக்கை ஓட்டப் பிள்ளைகள். பாதி காய்ந்த வடகத்தைத் திருடித் தின்பதும் அந்தப் பிள்ளைகளே. சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சுளகு.

ஒரு கோடிப் பேர்

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைத்துக் காட்டினார்கள். 2021-ல் அவர்களுடைய வில்லேஜ் குக்கிங் சேனலுக்கு ஒரு கோடிச் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் யூடியூப் சேனல் அது. சமைத்ததை அவர்கள் முதியோருக்குப் பரிமாறுவார்கள்.

பனை போன தூரம்

1978-ல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது பனை. விழுப்புரம் மாவட்டத்துக் காட்டுவெளிகளில் இன்னும் வரிசை கட்டி நிற்கிறது. மார்கழி, தை வந்தால் சந்தையில் பனங்கிழங்குக் கட்டு. நாம் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து நாரை உரித்துச் சாப்பிடுவதோடு சரி. யாழ்ப்பாணத்தில் அதே கிழங்கைப் பிளந்து காயவைத்து ஒடியல் ஆக்கி, மாவு இடித்து, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சுவார்கள். பெரிய பானையைச் சுற்றி உறவு முழுக்க உட்கார்ந்து, பிலாவிலையைக் கோலிக் குடிப்பது வழக்கம். இலங்கை உள்நாட்டுப் போரால் அந்தக் குடும்பங்கள் கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று சிதறின. பானையும் முற்றமும் போயின. ஆனால் 2003-ல் யாழ்ப்பாணத் தமிழர் சமையல் குறிப்புகளை நேசா எலியேசர் ஆங்கிலத்தில் பதிப்பித்துக் கொண்டுவந்தபோது, புத்தகத்தின் தலைப்பிலேயே ஒடியல் கூழுக்கு இடம் இருந்தது. ஊர் பார்க்காத பேரப்பிள்ளைகளுக்காக அந்தத் தலைப்பு.

பசியில் எழுதிய விருந்து

படித்த நாளிலிருந்து என்னை விடாத செய்தி இது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஸ்டாட் முகாம். அங்கே பட்டினி கிடந்த பெண்கள், கிடைத்த துண்டுக் காகிதங்களில் தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளை எழுதினார்கள். கேக், பணியாரம், அடைத்த வாத்து. சாப்பிட ஒன்றும் இல்லை, நினைவிலிருந்து எழுதினார்கள். அவர்களில் ஒருவர் மீனா பெக்டர். 1944-ல் முகாமிலேயே இறந்துபோனார். இறக்கும் முன் அந்தக் காகிதங்களை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, எப்படியாவது தன் மகளிடம் சேர்க்கச் சொன்னார். கை மாறி, நாடு மாறி, கால் நூற்றாண்டு கழித்து அந்தப் பொட்டலம் நியூயார்க்கில் இருந்த மகளிடம் போய்ச் சேர்ந்தது. 1996-ல் புத்தகமாகவும் வந்தது. சாகக் கிடக்கும் ஒரு தாய் மகளுக்கு விட்டுப்போக நினைத்த சொத்து, வீட்டுச் சமையல்.

எழுத உட்காரும்போது

சமையல் குறிப்பு எழுதுவது சுலபம் என்று நினைக்கிறோம். 'உப்பு தேவையான அளவு' என்று எழுதி முடித்துவிடுகிறோம். அந்தத் தேவையான அளவுதான் கைப்பக்குவமே. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பெரியவர்களைக் கேட்டு எழுதாமல், அவர்கள் சமைக்கும்போது பக்கத்தில் நின்று எழுத வேண்டும். கேட்டால் 'கொஞ்சம் புளி' என்பார்கள். கையில் எடுக்கும்போது நிறுத்தி, தராசில் வைத்துப் பாருங்கள். 'எலுமிச்சங்காய் அளவு' என்றால் எந்த எலுமிச்சை என்று பாருங்கள். மண்சட்டியா, இரும்புச்சட்டியா? விறகா, கேஸா? அம்மியா, மிக்ஸியா? எல்லாம் எழுதுங்கள். தாளிக்கும் வாசனை எப்போது மாறுகிறது என்று அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். அந்தக் குரலும் பின்னாளில் வேண்டியிருக்கும்.

கடைசியில் மறக்காமல் ஒரு வரி: இந்தப் பக்குவம் யாருடையது, எந்த ஊர், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஆயாக்களின் பெயர் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் தவிர வேறெங்கும் அச்சானதில்லை. 'கீழ்த்தெரு பெரியம்மாவின் கருவாட்டுக் குழம்பு' என்று எழுதிப் பாருங்கள், பெரியம்மா முகம் எப்படி மலர்கிறது என்று!

எழுதியதைப் பூட்டிவைக்காதீர்கள். நாலு பிரதி எடுங்கள். மகளுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, மகனுக்குக் கட்டாயம் ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் வேறு சாதியாகவோ வேறு மதமாகவோ இருந்தால் முதலில் அவர்களிடமே கேளுங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம்தானே?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், மரக்காணத்திலும் செஞ்சியிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவர் அடுப்பு பற்றவைக்கும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். அடுத்த பண்டிகைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.